ராசாளிக்கும் ஒரு துண்டு

கீழ்ப்பிரிவுத் தோட்டம்,
இறக்குவானை.
02.02.2025

இஞ்சாருங்கோ,

இப்படித் தொடங்கினால் சிரிப்பீர்கள் என்று தெரியும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டு வருகிறேன். கடிதம் என்பதற்காகப் புதிதாக ‘அன்புள்ள கணவருக்கு’ என்று எழுதக் கை வரவில்லை.

போன மாதம் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. போனில் கதைக்கலாம் என்றால் இங்கே பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் ஒரு கோடு வரும். நீங்கள் ‘ஹலோ’ சொல்வதற்குள் அதுவும் போய்விடும். ஒருமுறை அக்கா பெர்னடெட்டின் குரல் கேட்டது. நீங்கள் சுகம் என்றாள். உங்கள் கோபமும் சுகமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பஸ் ஏறிய அன்று கிழிந்த வலை பொத்தும் வேலை என்று துறைக்குப் போய்விட்டீர்கள். அன்றைக்குப் பொத்த வலை இல்லை என்பது எனக்கும் தெரியும். முதல்நாள் நீங்கள் கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது. “முன்பள்ளியை மூடினால் வேறை வேலை இல்லையோ? கழுகுக்கு வக்காலத்து வாங்கிறதும் ஒரு வேலையோ?” அன்றைக்கு நான் அழுதேனே தவிர பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இங்கே மழைக்காடு முடியும் இடத்தில் தேயிலை தொடங்குகிறது. தேயிலைக்குள் லயங்கள், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். காட்டுக்குள் தலையில் குடுமி நிற்கும் பெரிய கழுகு ஒன்று இருக்கிறது, சனங்கள் ராசாளி என்கிறார்கள். அது லயத்துக் கோழியைத் தூக்குகிறது. ஆத்திரத்தில் சனங்கள் செத்த கோழிக்குள் பூச்சி மருந்து வைத்து வெளியே போடுகிறார்கள். உலகத்தில் மிச்சமிருப்பதே கொஞ்சம். அதனால் கொழும்பிலிருக்கும் ஒரு பறவைச் சங்கம், இந்தச் சனங்களோடு தமிழில் பேச ஓர் ஆளைத் தேடி என்னைப் பிடித்தது. குருநகரில் சின்னப் பிள்ளைகளுக்கு நிறமும் எண்ணும் படிப்பித்தவள் இங்கே பெரிய மனிசிகளுக்குக் கழுகு படிப்பிக்கிறேன்.

போன ஞாயிறு கூட்டத்தில் பாலேஸ்வரி என்ற கொழுந்து பறிக்கும் பெண் எழும்பி நின்றாள். “எங்க வீட்டுக் கோழி பூராவையும் தூக்கிருச்சு டீச்சர். அது மேல நாங்க பாசம் வைக்கணுமா?” என்றாள். எலியைத் தின்னும், பாம்பைத் தின்னும், காடு காக்கும் என்றெல்லாம் சொன்னேன். ஒருத்தியும் காது கொடுக்கவில்லை. கடைசியில் அது ஒரு தடவைக்கு ஒரேயொரு முட்டைதான் இடும் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்கள். “அதுவும் ஒத்தப் புள்ளக்காரியா?” என்று பாலேஸ்வரி கேட்டாள். அடுத்த நாள் கோழிக்கூட்டுக்குக் கூரை போட மூங்கில் வெட்டிக்கொண்டு வந்து என் வாசலில் போட்டாள்.

நான் செய்வது வேலைதான். நம்புங்கள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள்
மக்டலீன்


குருநகர்
18.02.2025

மக்டலீனுக்கு,

ஒரு வரி கேட்டாய். இதோ பக்கமாக எழுதுகிறேன், கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே.

பருந்துக்கு இங்கே ஒருவரும் பாடம் எடுப்பதில்லை. நண்டு வலையை உதறினால் அதுவாகவே வருகிறது, மீன்குடலைக் கொத்துகிறது, போகிறது. அதுவும் சுகம், நாங்களும் சுகம். உன் சங்கக்காரரை ஒருக்கால் துறைக்கு வந்து பார்க்கச் சொல்.

வீட்டில் குறை ஒன்றும் இல்லை. சோறு நானே வடிக்கிறேன். சில நாள் கஞ்சியாகிவிடுகிறது, அதையும் குடிக்கிறேன். உன் அக்கா சொதி கொண்டுவந்து தருவாள். தந்துவிட்டு, “பிள்ளை இல்லாத குறையிலைதான் உவள் கழுகுக் குஞ்சு பாக்கப் போனவள்” என்றாள். “சொதிச் சட்டியையும் எடுத்துக்கொண்டு போ, உன்ரை கதையையும் எடுத்துக்கொண்டு போ” என்றேன். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள்.

றோலர் இழுவைப் படகுகள் திரும்பவும் வந்து வலையை இழுத்துக்கொண்டு போயின. எங்களில் நாலு பேருடையது போயிற்று. கரையில் நின்று கத்தினோம். கடலில் போகிறவனுக்குக் கரையில் கத்துவது எங்கே கேட்கும்? பங்குச் சுவாமி வந்து மனு எழுதுவோம் என்றார். எழுதினோம். போன வருடமும் எழுதினோம்.

நீ எப்போது வருவாய்? அதை மட்டும் எழுது. கழுகின் கதையைப் பிறகு கேட்கிறேன்.

சிமியோன்


கீழ்ப்பிரிவு
10.03.2025

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் மழையில் நனையவிட்டுவிட்டார். அடுப்படியில் காயவைத்து வாசித்தேன். கஞ்சியைப் பற்றி வாசித்தபோது சிரித்தேன், பிறகு மனதுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அரிசி கொதித்து ஒன்றைக் கையில் எடுத்து நசுக்கிப் பாருங்கள், நடுவில் கொஞ்சம் வெள்ளை இருக்கும்போதே வடியுங்கள். அக்காவோடு சண்டை போட வேண்டாம். நீங்கள் எனக்காகச் சண்டை போட்டது சந்தோசம்தான், அதை ஒளிக்கமாட்டேன்.

இங்கே பெரிய செய்தி. தோட்டத்தின் மேல் எல்லையில் ஒரு ஹொர மரம், மூன்று பேர் கைகோத்தாலும் பிடிபடாது. அதன் உச்சியில் ராசாளி கூடு கட்டி, குஞ்சு பொரித்துவிட்டது. பஞ்சு போல வெள்ளைத் தலை. ஒவ்வொருத்தியாக என் தொலைநோக்கியில் பார்த்தார்கள். கொழுந்துக் கூடையோடு வரிசையில் நின்றார்கள் என்றால் நம்புவீர்களா?

மரம் நிற்கும் காணித் துண்டு ஒரு முதலாளிக்குச் சொந்தம். வெட்டிப் பலகைக்கு விற்கப் பேசி வைத்திருந்தாராம். நானும் பெண்களும் போய் வாசலில் நின்றோம். மனிசன் நல்ல மாதிரி, தேத்தண்ணி தந்தார். “குஞ்சு பறக்கிற வரைக்கும் கை வைக்க மாட்டேன். பறந்த கூட்டுக்குத் திரும்பவும் வருமென்றால் அதற்குப் பிறகும் யோசிக்கிறேன். குஞ்சு இல்லையென்றால் எனக்கு மரம்தான்” என்றார். ஆகவே எல்லாம் அந்தக் குஞ்சில் தொங்குகிறது.

பெண்கள் முறை வைத்து மரத்தடியில் காவல் இருக்கிறார்கள். நேற்று பாலேஸ்வரி, “தாகம் எடுக்காதா டீச்சர், ஒரு சட்டி தண்ணி வைக்கவா?” என்று கேட்டாள். தேவையில்லை, அதற்குத் தின்னும் இரையிலிருந்தே நீர் கிடைக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டு மற்றவர்களுக்கும் போய்ப் படிப்பித்தாள். நான் சொல்வதை ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்வதை இங்கே வந்த பிறகு நேற்றுத்தான் கேட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: குஞ்சு பறந்ததும் வருகிறேன். வைகாசிக்குள் பறந்துவிடும். வந்தால் திரும்பிப் போகமாட்டேன், இவர்களே இனிப் பார்த்துக்கொள்வார்கள். இது சத்தியம்.

உங்கள்
மக்டலீன்


குருநகர்
29.03.2025

என் மக்டலீனுக்கு,

வைகாசி என்று எழுதியதை உன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பங்குச் சுவாமிக்கும் சொன்னேன். துறையில் இப்போது எல்லாருக்கும் உன் கழுகு தெரியும். “சிமியோன் அண்ணை, குஞ்சு பறந்திட்டுதோ?” என்று கேட்டுவிட்டுத்தான் வள்ளம் தள்ளுகிறார்கள். நக்கலுக்குத்தான். எனக்கும் அது பிடித்திருக்கிறது.

வீட்டுக்கு வெள்ளை அடித்துவிட்டேன். உன் தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டேன். அதிகம் விட்டுவிட்டேன் போலிருக்கிறது, கீழே சொட்டுகிறது.

தவக்காலம் என்றபடியால் இறைச்சி இல்லை, மீன்தான். நல்ல கட்டா மீன் வலையில் பட்டது. விற்காமல் எடுத்து, கீறி, நானே கருவாடு போட்டேன். வியாபாரி லெனாட்டின் லொறி கருவாடு ஏற்றிக்கொண்டு இரத்தினபுரிக்கு வருகிறது. அதில் பார்சல் அனுப்புகிறேன். அங்கே மழை என்று எழுதியிருந்தாய். இங்கே போடுகிற அளவுக்குப் போட்டால் பூசணம் பிடிக்கும், அதனால் உப்பை இரண்டு கை கூடப் போட்டிருக்கிறேன். காவலிருக்கும் பிள்ளைகளுக்கும் பகிர்ந்து கொடு. நடுத்துண்டில் ஒன்றை உன் ராசாளிக் குஞ்சுக்கும் கொடு. குருநகரான் ஒருத்தன் தந்தான் என்று அதன் காதில் சொல்.

அன்றைக்கு நான் பஸ்சுக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும். நீ வரும்போது வாறன், எந்த நேரத்து பஸ் என்றாலும்.

உன்
சிமியோன்


கீழ்ப்பிரிவு
11.04.2025

என்ரை இஞ்சாருங்கோ,

பார்சல் வந்தது. லயம் முழுக்க வாசம். உங்கள் கடிதத்தைக் காவலிருக்கும் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன், பஸ் விசயத்தை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன். ராசாளிக்கும் ஒரு துண்டு என்ற இடத்தில் எல்லோரும் சிரித்தோம். “குருநகரு ஐயாவுக்கு நம்ம புள்ள மேல எம்புட்டுப் பாசம்” என்றாள் பாலேஸ்வரி. உங்களை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஆனால் இன்றைக்கு மனம் சரியில்லை. முந்தநாள் அடித்த காற்றில் கூட்டின் பாதி சரிந்து குஞ்சு கீழே வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறது. எலும்பு முறியவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரு கொழுந்துக் கூடைக்குள் இலை பரப்பி, ஆள் ஏறக்கூடிய கிளையில் கட்டி, அதற்குள் வைத்தோம். இப்படி வைத்தால் தாய் அங்கேயே வந்து ஊட்டும். நேற்று வந்தது. ஓர் அணிலைக் கொண்டுவந்து போட்டது. பெண்கள் சத்தமில்லாமல் ஒருத்தியை ஒருத்தி கட்டிப் பிடித்தார்கள்.

இன்று காலையிலிருந்து பேய் மழை. தாய் வரவில்லை. குஞ்சு ஒரு சிறகைத் தாழ்த்தி வைத்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. மிருக வைத்தியரைக் கையோடு கூட்டிவர நாளைக்கு இரத்தினபுரிக்குப் போகிறேன். பாதையில் மண் சரிந்திருக்கிறதாம், நடந்து கீழே இறங்கித்தான் பஸ் பிடிக்க வேண்டும். பாலேஸ்வரி கூடைக்குப் பொறுப்பு.

எங்களுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கள். எங்களுக்காக என்றால் உங்களுக்கும் எனக்கும் குஞ்சுக்கும்.

உங்கள்
மக்டலீன்


கீழ்ப்பிரிவு
23.04.2025

இஞ்சாருங்கோ,

குஞ்சு செத்துவிட்டது. உயிர்த்த ஞாயிறுக்கு முன்பே நடந்தது. இதை எழுத இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். உட்கார்ந்து வாசியுங்கள்.

பாதை மூடிக் கிடந்ததால் வைத்தியரோடு நான் திரும்ப மூன்று நாள் ஆகிவிட்டது. அத்தனை நாளும் மழை, தாய்க் கழுகு வரவில்லை. குஞ்சு கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்க முடியாமல், பாலேஸ்வரி தன் பங்குக்குக் கிடைத்த கருவாட்டை எடுத்திருக்கிறாள். அவள் வீட்டில் ஒருவரும் அதைத் தொடவில்லை. பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்காமல் எடுத்து வைத்த நடுத்துண்டு. முள்ளை நீக்கி, சின்னச் சின்னதாகப் பிய்த்து, ஈர்க்கில் குத்தி ஊட்டியிருக்கிறாள். குஞ்சு ஆசையாகத் தின்றதாம். அதைக் கண்டு மற்றவர்களும் தங்கள் பங்கைக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் வைக்கக் கூடாது என்று நான் படிப்பித்ததை மட்டும் சொல் பிசகாமல் கேட்டார்கள்.

நானும் வைத்தியரும் மரத்தடிக்கு வந்தபோது அதன் உடம்பு இழுத்துக்கொண்டிருந்தது. கையில் எடுத்ததும் நின்றுவிட்டது. தண்ணீர் இல்லாமல் அத்தனை உப்பு, அதுதான் கொன்றது என்றார் வைத்தியர். அந்தச் சிறகுகூட முறியவில்லையாம், மழையில் நனைந்து பாரத்தில் தாழ்ந்திருக்கிறது. நான் போயே இருக்கத் தேவையில்லை.

உங்கள் மேல் பிழையில்லை. பாலேஸ்வரி மேலும் இல்லை. நீங்கள் எழுதியதை வாசித்து நான் சிரித்தேனே, சிரித்த வாயால், இது பகிடி, உண்மையாகக் கொடுத்துவிடாதீர்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. இப்படிக் கொல்லும் அளவுக்கு அவர்கள் அதன்மேல் அன்பு வைப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பாலேஸ்வரி சாப்பிடுவதில்லை. “ஒத்தப் புள்ளய நானே கொன்னுட்டேன்” என்று அதையே சொல்கிறாள். வேலைக்கும் போகவில்லை. மற்றப் பெண்கள் என் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், நான் ஏசினால் தேவலை என்பது போல. முதலாளி மரத்துக்கு அடையாளம் போட்டுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, சொன்ன சொல்லில் நிற்கிறார். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இப்படி ஒன்றும் தெரியாமல் நான் இருந்ததே இல்லை.

மக்டலீன்


குருநகர்
08.05.2025

என் மக்டலீனுக்கு,

உன் கடிதத்தைத் துறையில் வைத்துத்தான் உடைத்தேன். குஞ்சு பறந்த கதை என்று நினைத்து எல்லாரும் சுற்றி நின்றார்கள். முதல் வரியை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். “என்ன அண்ணை, பறந்திட்டுதோ?” என்றார்கள். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து மிச்சத்தை வாசித்தேன். உப்பை அள்ளியது இந்தக் கை. நீ என்ன சமாதானம் சொன்னாலும் இந்தக் கைதான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

ஆனால் ஒன்று யோசித்தேன். அந்தப் பிள்ளை பாலேஸ்வரி சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு நீ இப்படிச் சொல்: குருநகரில் சிமியோன் என்று ஒருத்தன் இருக்கிறான், அவனுக்குப் பெண்சாதி இந்த வேலைக்கு வந்தது பிடிக்கவில்லை, குஞ்சு செத்தால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று வேணுமென்றே உப்பை அள்ளிப் போட்டு அனுப்பினான் என்று சொல். நம்புவார்கள். என்னை அவர்களுக்குத் தெரியாது. தெரியாத ஒருத்தனைத் திட்டுவது லேசு. பங்குச் சுவாமியிடம் கேட்டால் பொய் பாவம் என்பார், அதனால் அவரிடம் கேட்கவில்லை. அவர்கள் எவ்வளவு திட்டினாலும் இங்கே எனக்குக் கேட்காது.

றோலர்காரனை ஏசி ஏசித்தான் நாங்கள் இங்கே சோறு தின்கிறோம். ஏச ஓர் ஆள் இல்லாவிட்டால் மனிசருக்குத் தொண்டையில் இறங்காது. அவர்களுக்கு அந்த ஆளாக நான் இருந்துவிட்டுப் போகிறேன்.

வா என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் வா.

உன்
சிமியோன்


கீழ்ப்பிரிவு
09.06.2025

அன்புள்ள சிமியோனுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டேன்.

நீங்கள் சொன்னதைச் செய்யக் கூடாது என்றுதான் முதலில் இருந்தேன். பாலேஸ்வரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்த அன்று, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னேன். நீங்கள் எழுதிய வார்த்தைகளையே சொன்னேன். என் பக்கம் திரும்பினாள். பிறகு, “அப்பவே நெனச்சேன் டீச்சர். யாராச்சும் பறவைக்கு கருவாடு அனுப்புவாங்களா?” என்றாள். எழுந்து உட்கார்ந்து, சாப்பிடப் பாண் கேட்டாள்.

இப்போது வேலைக்குப் போகிறாள். பெண்கள் திரும்பவும் கூட்டத்துக்கு வருகிறார்கள். மரத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டுவதை எல்லோரும் சேர்ந்து நின்று பார்த்தோம், அன்றைக்கும் உங்களைத்தான் ஏசினார்கள். இரண்டு ராசாளியும் கொஞ்ச நாள் மேலே சுற்றிவிட்டு, அடுத்த மலைப்பக்கம் போய்விட்டன. அங்குள்ள லயங்களில் இன்னும் மருந்து வைக்கிறார்கள். போய்ப் பேசுவோம் என்று பாலேஸ்வரிதான் சொன்னாள். போகும் இடமெல்லாம் அவள் முதலில் உங்கள் கதையைச் சொல்கிறாள். அதைக் கேட்டதும் சனம் கூடிவிடுகிறது. பிறகு நான் கோழிக்கூட்டைப் பற்றிப் பேசுகிறேன். உங்களைக் காட்டிக் காட்டியே வேலை நடக்கிறது.

இனி நான் எழுதப் போவது உங்களுக்கு வலிக்கும். உங்களிடம் ஒளித்துப் பழக்கமில்லாததால் எழுதுகிறேன்.

ஒவ்வொரு லயத்திலும் என்னிடம் கேட்கிறார்கள், “உண்மையா டீச்சர், உங்க வூட்டுக்காரரா?” என்று. நான் ஓம் என்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கும் அது படிந்துகொண்டு வருகிறது. நேற்று பாலேஸ்வரி உங்களைத் திட்டும்போது நானும் ஒரு வார்த்தை சேர்த்துத் திட்டினேன். அவளுக்காக நடிக்கவில்லை. எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வந்தது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கோபம் வருகிறது. இரவில் ஜெபம் சொல்லும்போது உங்கள் பெயரில் நாக்கு நின்றுவிடுகிறது.

இந்த மனதோடு வந்து உங்கள் முன்னால் சோற்றுக் கோப்பையை வைக்க என்னால் முடியாது. நீங்கள் நல்லது நினைத்துத்தான் இந்தப் பொய்யைத் தந்தீர்கள். அதனால் இங்கே ஒருத்தி எழும்பி நடக்கிறாள். அதைத் திரும்ப எடுக்க எனக்கு வழியில்லை, எடுத்தால் அவள் விழுந்துவிடுவாள்.

ஆகவே வைகாசி என்று நான் செய்த சத்தியத்தை மறந்துவிடுங்கள். எந்த பஸ்சுக்கும் வந்து நிற்க வேண்டாம். அடுத்த மலைக்கு நாளைக்குப் போகிறோம், அங்கே தபால் வருமா என்று தெரியவில்லை. அக்கா சொதி கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

மக்டலீன்